இருபத்தொன்பதில் மூன்று பேர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் நாத்தனார் சொல்லிவிடுவாள். நகராட்சி நீச்சல் குளத்தில் பதினோரு வருடமாக எனக்கு உயிர்காப்பாளர் வேலை. ஆழமான பக்கத்து மூலையில் ஓர் உயரமான வெள்ளை நாற்காலி, கழுத்தில் ஒரு விசில், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நீளக் கம்பு. அங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'விசில்' என்றால் நான்தான். ஈரத்தரையில் ஓடுகிறவர்களும் தலைகீழாகக் குதிக்கிறவர்களும் என் சத்தம் கேட்டால் சிலையாகிவிடுவார்கள்.

குளத்துக்குக் கூரை கிடையாது. பதினோரு வருட வெயில் என் கன்னத்திலும் கையிலும் திட்டுத்திட்டாக இறங்கிவிட்டது. தோல் மருத்துவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு நாற்காலியை நிழலுக்கு மாத்துங்க, இல்லன்னா வேலையை மாத்துங்க" என்றார். நிழலில் உட்கார்ந்தால் ஆழமான மூலை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மாற்ற வேண்டியது வேலையைத்தான். அலுவலகத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. நீச்சல் நேர அட்டவணையையும் போட்டி முடிவுகளையும் பார்த்துக்கொள்கிற மேசை. மேலே மின்விசிறி, பக்கத்தில் ஜன்னல், நாற்காலிக்குக் கைப்பிடிகூட உண்டு. அந்த மேசைக்காகத்தான் நாற்பது வயதில் நான் புரோகிராமிங் வகுப்பில் சேர்ந்தேன்.

மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் காகிதத்தின் பரம விரோதி. குளத்தில் காகிதம் நனைகிறது, கிழிகிறது, பறந்து போய் வடிகாலை அடைக்கிறது என்று நாள் முழுக்கப் புலம்புவார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"காலைக் குழுவுக்குப் போட்டி வெச்சிருக்கோம். அம்பத்தஞ்சு வயசுக்கு மேல பதினஞ்சு பேர். முடிவை உங்க புரோகிராம்தான் சொல்லணும். கடைசி ஆள் சுவரைத் தொட்டதுலேருந்து அஞ்சு நிமிஷம். ஒரு துண்டுப் பேப்பர்கூட என் கண்ணுல படக்கூடாது. செஞ்சு காட்டுங்க, மேசை உங்களுது."

"செஞ்சுட்டா போச்சு சார்" என்றேன். வாய் முந்திக்கொள்வது எனக்குப் பழக்கம்.

வகுப்பில் நாங்கள் படித்த புரோகிராமிங் மொழி ரொம்பக் கறாரானது. அதில் எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அதற்கு முன்னாலேயே மாறி என்கிற ஒரு பெட்டியை அறிவித்துவிட வேண்டும். பெயர் என்ன, உள்ளே வரப்போவது எந்த வகை, முழு எண்ணா, புள்ளி வைத்த எண்ணா, எழுத்தா, ஆம்-இல்லையா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு உள்ளே இருப்பதை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், வகையை மட்டும் மாற்ற முடியாது. எனக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. எங்கள் உடை மாற்றும் அறையில் செருப்புத் தட்டில் துண்டை வைக்கிறவர்களிடம் நான் தினமும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன். இங்கே எனக்காகக் கத்துவதற்கு, எழுதியதை வரி வரியாகச் சரிபார்க்கிற கம்பைலர் இருந்தது.

பெயர் வைப்பதில்தான் முதல் தகராறு. வகுப்பில் விருப்பம்போல் வைக்கச் சொன்னார்கள், நான் வீட்டு ஆட்களையே வைத்தேன். ஆம், இல்லை என்ற இரண்டே பதில் கொள்கிற மாறிக்கு என் கணவரின் பெயர். அவர் வீட்டில் பேசுகிற பேச்சு அவ்வளவுதான். என் நாத்தனார் பார்சல் கம்பெனி ஒன்றில் புரோகிராம் எழுதுகிறவள், குடியிருப்பது எங்கள் மாடியில், சாப்பிடுவது கீழே எங்கள் வீட்டில். தட்டோடு வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி இது? ஆறு மாசம் கழிச்சு இதைப் படிக்கிறவங்களுக்கு எங்க அண்ணன் யாருன்னு எப்படித் தெரியும்? உள்ள என்ன இருக்கோ, அதையே பேரா வைங்க."

"உங்க அண்ணனுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே இன்னும் தெரியலடி" என்றேன். ஆனாலும் மாற்றிவிட்டேன். போட்டிக்கான புரோகிராமில் எல்லாம் ஒழுங்கான பெயர்கள்: நீந்துகிறவரின் பெயர் ஒன்று, தடம் ஒன்று, நேரம் ஒன்று. பெயர், எழுத்து வகை. தடம், முழு எண். நேரம், அதுவும் முழு எண்.

நேரத்துக்கு முழு எண் என்று எழுதியபோது என் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதற்குக் காரணம் எங்கள் குளத்தின் ஒரு வழக்கம். அதை ஆரம்பித்ததும் நான்தான். புதிதாக நீந்தக் கற்கிற பெரியவர்களுக்குக் குளத்தின் ஒரு நீளம், இருபத்தைந்து மீட்டர், என்றால் அது பெரிய கடல். மூச்சு வாங்க, கண் சிவக்க, சுவரைத் தொட்டுவிட்டு என்னை அண்ணாந்து பார்ப்பார்கள். என் கையிலிருக்கிற கடிகாரம் இருபத்தொன்பது புள்ளி தொண்ணூற்று நான்கு என்று காட்டும். நான் "இருபத்தொன்பது!" என்று கத்துவேன். புள்ளிக்குப் பின்னால் வருவதைச் சொல்வதே இல்லை. அதைக் கேட்டதும் அந்த முகத்தில் வருகிற சிரிப்புக்கு முன்னால் தொண்ணூற்று நான்கு எந்த மூலைக்கு? என்னைப் பார்த்துப் பயிற்சியாளர்களும் அப்படியே கத்தத் தொடங்கினார்கள். பத்து வருடத்தில் எங்கள் குளத்தின் கரையில் யார் வாயிலும் புள்ளி என்ற சொல்லே வரவில்லை.

அந்தக் காலைக் குழுவில் என் மாமாவும் உண்டு, என் கணவரின் அப்பா. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்துக்கு முன்புதான், அறுபத்திரண்டாவது வயதில், அந்தக் குழுவோடு முதன்முதலாகத் தண்ணீரில் கால் வைத்தார். அவருக்கும் எதிர் வீட்டுப் பல் டாக்டருக்கும் ஓயாத போட்டி. "எனக்கு இருபத்தொம்பது" என்பார் மாமா. "எனக்கும் இருபத்தொம்பதுதான்" என்பார் டாக்டர். இருவருக்கும் அந்த எண்ணைக் கொடுத்தது நான்தான் என்பதால் வாயைத் திறக்காமல் சாப்பாடு பரிமாறுவேன்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு நாத்தனார் என் புரோகிராமைப் பார்த்தாள். "டைம் சொல்றவங்க புள்ளியோடதானே சொல்லுவாங்க? வாங்கிக்கிற இடத்துல அதுக்கு வழி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் வாங்கிக்கொள்கிற வரியை மட்டும் மாற்றினேன். உடனே கம்பைலர் சிவப்புக் கோடு போட்டது. புள்ளி வைத்த எண்ணை முழு எண்ணுக்குள் போடுகிறாய், இதில் இழப்பு நேரலாம் என்றது. திருத்திப் பார்த்தேன். மறுபடியும் அதே கோடு. மூன்றாவது தடவை எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. 'எனக்குத் தெரியும், நீ முழு எண்ணாகவே வாங்கிக்கொள்' என்று அதட்டுவதற்கு அந்த மொழியில் ஒரு வழி உண்டு. ஓர் அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு சொல்லைப் போட்டால் போதும். போட்டேன். கம்பைலர் வாயை மூடிக்கொண்டது. முப்பத்தொன்று, முப்பத்து நான்கு, நாற்பது என்று என் நினைவிலிருந்த நேரங்களைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். முதல், இரண்டு, மூன்று என்று வரிசையாக, அழகாக வந்தது. நாத்தனார் சாயங்காலம் வந்து, "அந்தச் சிவப்புக் கோடு எதுக்கு வந்துச்சுன்னு பாத்தீங்களா அண்ணி?" என்றாள். "எல்லாம் பாத்தாச்சு" என்றேன். அவளும் நம்பிவிட்டாள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. படிக்கட்டு வரிசைகள் முழுக்க மகன்கள், மகள்கள், பேரப்பிள்ளைகள், துண்டுகள், தண்ணீர் பாட்டில்கள். குளத்தில் ஐந்து தடங்கள். பதினைந்து பேரையும் மூன்று சுற்றாகப் பிரித்திருந்தோம். யாரும் எல்லோரோடும் சேர்ந்து நீந்தப்போவதில்லை, ஆகவே வெற்றி தோல்வியை நேரம்தான் சொல்லும். தடத்துக்கு ஒருவராக ஐந்து பேர் கையில் கடிகாரத்தோடு நின்றார்கள். என் நாற்காலியில் வேறொருவர் உட்கார, நான் குடைக்குக் கீழே மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். நிழலில் இருந்து அந்தக் குளத்தைப் பார்ப்பது அதுதான் எனக்கு முதல் தடவை. தண்ணீர் எவ்வளவு நீலம் என்று அப்போதுதான் கவனித்தேன்.

இரண்டாவது சுற்றில் மாமாவும் டாக்டரும் பக்கத்துப் பக்கத்துத் தடம். மாமா கை வீசிய வீச்சில் பாதித் தண்ணீர் வெளியே வந்துவிட்டது. முடிந்ததும் கடிகாரக்காரர்கள் கத்தினார்கள்: "தடம் ரெண்டு, இருபத்தொம்பது புள்ளி... தடம் மூணு, இருபத்தொம்பது புள்ளி..." நான் ஓர் இலக்கம் விடாமல் தட்டினேன். அடுத்த சுற்றுக்காகக் கடிகாரங்கள் மறுபடி பூஜ்யத்துக்குப் போயின. மூன்றாவது சுற்றின் கடைசி ஆள் சுவரைத் தொட்டதும் ஒரு பொத்தானை அழுத்தினேன். முடிவுகள் திரையில் வந்துவிட்டன. மேலாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அவருக்கு வாயெல்லாம் பல். மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு மைக்குக்குப் போய்விட்டார்.

"முதலிடம்..." என்று டாக்டரைக் கூப்பிட்டார். கைதட்டல். "முதலிடம்..." என்று என் மாமாவைக் கூப்பிட்டார். இன்னும் பெரிய கைதட்டல். "முதலிடம்..." என்று தபால்காரம்மாவைக் கூப்பிட்டார். முப்பது வருடம் சைக்கிளில் தபால் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற அம்மா அவர், முதல் சுற்றில் நீந்தியவர். மேலாளர் குரல் கொஞ்சம் இறங்கியது. "இரண்டாமிடம்..." இரண்டு பேர். "மூன்றாமிடம்..." நான்கு பேர். பதினைந்து பேரில் ஒன்பது பேருக்குப் பரிசு!

ஒருவர் நிற்கிற மேடையில் மூன்று பேர் ஏறி, விழாமல் இருக்க ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாமிடத்து மேடையில் நான்காவது ஆள் கால் வைத்ததும் முதலில் ஏறியவர் தடாலென்று குளத்துக்குள் விழுந்தார். விழுந்தவர் அங்கிருந்தே கையசைத்தார். படிக்கட்டே அதிர்ந்தது. எல்லோரும் சிரிக்கிறார்கள், விசிலடிக்கிறார்கள், யாருக்கும் தலைகால் புரியவில்லை.

நான் மட்டும் சிரிக்கவில்லை. படிக்கட்டில் என் நாத்தனார் எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையை எட்டிப் பார்த்தேன். இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தொன்பது. முப்பது, முப்பது. முப்பத்தொன்று நான்கு தடவை. நான் விரலால் தட்டிய புள்ளிகளில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் நானே அதட்டி வெளியே தள்ளியிருந்தேன். கம்பைலர் மூன்று தடவை சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாத என்னை அங்கேயே குளத்துக்குள் தள்ளலாம் போலிருந்தது.

மேலாளர் மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "மூணு மெடல்தான் வாங்கி வெச்சிருக்கேன். பரவாயில்ல, நாளைக்கு இன்னும் ஆறு சொல்லிக்கலாம். எல்லாரும் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாருங்க. அஞ்சு நிமிஷம்னு சொன்னேன், ஒண்ணரையிலயே முடிச்சுட்டீங்க. மேசை உங்களுதுதான்."

மேசை என்னுடையதுதான். மின்விசிறி, ஜன்னல், கைப்பிடி. நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான். அதிலும் அந்த மேடையில், வாழ்க்கையில் ஒரு சீட்டுக் குலுக்கலில்கூட ஜெயித்திராத என் மாமா, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

அப்போது டாக்டர் மேடையிலிருந்தே கையை உயர்த்தினார். "மன்னிக்கணும். நான் சுவரைத் தொட்டுட்டுத் திரும்பிப் பாத்தேன். அப்பதான் இவர் மூக்கு வந்துட்டு இருந்துச்சு. எப்படி ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் வரும்?"

"இருபத்தொம்பதுன்னா இருபத்தொம்பதுதான்யா!" என்றார் மாமா. "மிஷின் சொல்லுது. மூக்கையெல்லாம் கணக்குல சேக்க முடியாது."

படிக்கட்டில் சிரிப்பு. மேலாளரும் சிரித்தார். "டாக்டர், சமமா வந்துட்டீங்க, அவ்வளவுதான்" என்றார். அது போதும், விஷயம் அதோடு முடிந்திருக்கும். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் கோபம் அதுவரை யார்மேலாவதுதான் பாய்ந்திருக்கிறது, அன்றைக்கு என்மேலேயே பாய்ந்தது. எழுந்து போய் மேலாளர் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். வாங்கினேன் என்று சொல்வது மரியாதைக்காக. பிடுங்கினேன்.

"டாக்டர் சொல்றதுதான் சரி. இந்த முடிவு தப்பு. புரோகிராம் தப்பு பண்ணல, நான்தான் பண்ணினேன்" என்றேன். "நேரம்ங்கிற இடத்துல முழு எண் மட்டும்தான் வரும்னு நான் எழுதி வெச்சுட்டேன். நீங்க எடுத்த நேரத்துல புள்ளிக்கு அப்புறம் இருந்ததையெல்லாம் அது விட்டுடுச்சு. அதான் ஒரே செகண்டுக்குள்ள வந்தவங்க எல்லாரும் சமமாயிட்டாங்க."

"அவ்வளவுதானே? இப்ப அதை மாத்தி எழுதினா சரியாயிடாதா?" என்றார் டாக்டர்.

"மாத்தி எழுதினா இனிமே வர்றதுக்குத்தான் இடம் கிடைக்கும் டாக்டர். போனது போனதுதான். வேற எங்கயும் எழுதி வைக்கல. கடிகாரத்துலயும் கடைசிச் சுற்று மட்டும்தான் இருக்கு."

காகிதத்தைத் தடை செய்தவர் முகத்தில் ஈயாடவில்லை. மாமா மேடையிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். ஈரக்காலோடு என் முன்னால் நின்றார்.

"ஏம்மா, அப்ப தினமும் நீ எனக்குச் சொல்லுவியே, இருபத்தொம்பதுன்னு. அது?"

மைக் என் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்ததை நான் மறந்துவிட்டேன். "அதுலயும் புள்ளியை விட்டுட்டுத்தான் சொல்லுவேன் மாமா. உங்களுக்கு மட்டும் இல்ல, இங்க எல்லாருக்கும் அப்படித்தான். முப்பதுக்கு ஒரு மயிரிழை குறைஞ்சாலும் இருபத்தொம்பதுன்னுடுவேன்."

பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். எட்டு மாதமாக அந்த எண்களை அக்கம்பக்கத்தில், தொலைபேசியில், மருமகன்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டவர்கள். இனி இந்தக் குளத்தில் எனக்கு உயரமான நாற்காலியும் இல்லை, மேசையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். முதலில் சிரித்தது தபால்காரம்மா. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"அடிப்பாவி! நான் என் தம்பிகிட்ட இதைச் சொல்லித்தான் அவனை நீச்சல் வகுப்புல சேத்து விட்டேன். அவனுக்கும் இருபத்தொம்பதுன்னு சொல்லி வெச்சிருக்கியே!"

பிறகு யார் சிரிப்பு, யார் கத்தல் என்று பிரிக்க முடியவில்லை. குளத்துக்குள் விழுந்தவர் உள்ளேயிருந்தே, "அப்ப இன்னொரு தடவை போவோம்! நான் தண்ணிலதான் இருக்கேன்!" என்றார். உடனே ஆளாளுக்குக் கண்ணாடியை மாட்டத் தொடங்கினார்கள். அரை மணி நேரம் ஓய்வு எடுத்தாக வேண்டும் என்று விசில் ஊதி நிறுத்தினேன். களைப்பாக இருக்கிறவர்கள் நீந்த வேண்டாம் என்றும் சொன்னேன். ஒருவர்கூட விலகவில்லை. மேலாளர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

நாத்தனார் படிக்கட்டிலிருந்து ஓடிவந்தாள். கீபோர்டைத் தொடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். "நான் அன்னிக்கே உக்காந்து பாத்திருக்கணும் அண்ணி" என்றாள். "நீ கேட்டே. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். அப்படி நான் அவளிடம் ஒப்புக்கொள்வது வருடத்துக்கு ஒரு தடவை நடந்தால் அதிசயம். அவள் என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

நேரத்தை அறிவித்த வரிக்குப் போனேன். முழு எண் என்ற வகையை எடுத்துவிட்டுப் புள்ளி வைத்த எண் என்று எழுதினேன். கீழே நான் போட்டிருந்த அந்த அதட்டலை அழித்தேன். திரையில் காட்டுகிற இடத்தில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கமும் வரும்படி செய்தேன். ஓட விட்டேன். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. இந்தத் தடவை ஒரே செகண்டுக்குள் வருகிற நேரங்களாகவே பத்துப் பதினைந்து கொடுத்துப் பார்த்தேன், எல்லாம் சரியாகப் பிரிந்து நின்றன.

இரண்டாவது போட்டி முதல் போட்டி மாதிரியே இல்லை. முதல் தடவை எல்லோரும் பதற்றத்தோடு நீந்தினார்கள், இப்போது திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி இறங்கினார்கள். கரையிலிருந்து பேரப்பிள்ளைகள் "புள்ளி! புள்ளி!" என்று கத்தினார்கள். கடிகாரக்காரர்கள் ஒவ்வோர் இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்கள். கடைசி ஆள் சுவரைத் தொட்டதும் முடிவை நானே வாசித்தேன், பதினைந்து பேருக்கும், ஒன்றையும் விடாமல். தபால்காரம்மா இருபத்தொன்பது புள்ளி மூன்று ஒன்று, முதலிடம். டாக்டர் இருபத்தொன்பது புள்ளி ஒன்பது பூஜ்யம், இரண்டாமிடம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஓர் அக்கா முப்பது புள்ளி பூஜ்யம் ஐந்து, மூன்றாமிடம். மாமா முப்பது புள்ளி நான்கு எட்டு, ஐந்தாமிடம்.

மெடல் கொடுத்து முடிந்ததும் மாமாவைத் தேடிப் போனேன். துண்டைப் போர்த்திக்கொண்டு டாக்டரின் மெடலைக் கையில் எடை பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, நான் பேசாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாம இருந்திருந்தா நான் இந்த ஆளோட ஒரே மேடையில நின்னு போட்டோ எடுத்திருக்கணும். நல்லவேளை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, அந்த நாற்பத்தெட்டு இருக்கே, அதைக் குறைக்கணும்னா கையை மாத்தணுமா, காலை மாத்தணுமா?" என்று கேட்டார். டாக்டருக்குக் காது நீளம். "எனக்கும் சேத்துச் சொல்லு" என்றார். முப்பதுக்கு மேல் இருக்கிறோம் என்று தெரிந்ததில் மாமாவுக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே. பத்து வருடமாக நான் இவர்களைப் போன்றவர்களைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு எதைக் கொடுக்காமல் வைத்திருந்தேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

மேலாளர் தன் அறைக்கு வரச் சொன்னார். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரே நின்றேன். அந்தக் காலி மேசை அதே அறையின் ஜன்னலோரம் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன்.

"என் கையிலேருந்து மைக்கைப் பிடுங்கினீங்க" என்றார்.

"ஆமா சார்."

"டாக்டர் கேக்காம இருந்திருந்தா?"

பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை. "தெரியல சார். பயத்துல பேசாம இருந்தாலும் இருந்திருப்பேன். ஆனா இன்னிக்கு ராத்திரி தூங்க மாட்டேன், நாளைக்குக் காலையில உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பேன்."

அவர் மேசை மேல் விரலால் தாளம் போட்டார். "ரெண்டாவது தடவை கடைசி ஆள் தொட்டதுலேருந்து முடிவு வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு நிமிஷம் இருக்கும் சார்."

"அம்பத்து ரெண்டு செகண்ட். நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். அஞ்சு நிமிஷத்துக்குள்ளன்னு சொன்னேன், எந்தத் தடவைன்னு சொல்லல. அது என் தப்பு." இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். காகிதம்! மேசை வேலைக்கான உத்தரவு, அதில் என் பெயர் முன்பே அச்சாகியிருந்தது. கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு வந்துடுங்க. அப்புறம் இன்னொண்ணு. இனிமே ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு நோட்டுல கையால எழுதின காப்பி ஒண்ணு இருக்கட்டும். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

தாளைக் கையில் வாங்கித் திரும்பினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே காலைக் குழு முழுக்கக் கூடியிருந்தது. மாமா, டாக்டர், கழுத்தில் மெடலோடு தபால்காரம்மா, எல்லோருக்கும் பின்னால் எம்பி எம்பிப் பார்க்கிற என் நாத்தனார். ஈர மூக்கெல்லாம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தாளை உயர்த்திக் காட்டினேன். ஒரே கூச்சல், அலறல். குடைக்குக் கீழே நான் விட்டுவந்த என் விசிலை யாரோ எடுத்து ஊதினார்கள்.

பதினோரு வருடமாக அந்தக் குளத்தில் யாராவது ஒருவர் கத்தினாலே நான் எழுந்து ஓடியிருக்கிறேன். அன்றைக்குத்தான், அத்தனை பேரும் சேர்ந்து கத்தியும், நான் நின்ற இடத்திலேயே நின்று அழுதுகொண்டே சிரித்தேன்.